பதினோரு மணிப் பனி

என் ஓர்ப்படி அம்ருதவல்லியைப் பற்றிப் பெரும்புதூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் நான் சொல்கிறேன். என் மைத்துனர் திருநாராயணனின் மனைவி அவள். முப்பது வருஷமாக ஒரே சமையலறையில் அவளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். அவளிடம் கெட்டது என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவள்மேல் வந்த முதல் கோபம். இப்போது கோவிலுக்குப் போயிருக்கிறாள். வர ஒரு மணி நேரமாகும், தாராளமாகப் பேசலாம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் தோத்தாத்ரி மூத்தவர், பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். மாமியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. வந்தவள் ஒல்லியாக, பல் கொஞ்சம் எடுப்பாக, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலோடு இருந்தாள். இவளால் நமக்கு ஒரு தொந்தரவும் வராது என்று திருப்திப்பட்டேன்.

தொந்தரவு சாற்றமுதில், அதாவது ரசத்தில், ஆரம்பித்தது. நான் பாடுபட்டுப் புளிக்காய்ச்சல், கூட்டு, பொரியல் என்று செய்து வைப்பேன். அவள் ஒரு சாற்றமுது கொதிக்க வைத்து இறக்குவாள். சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டே, "சாத்தமுது யார் பண்ணினது?" என்று கேட்பார்கள். கூட்டை யார் பண்ணினது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. என் பிள்ளைகளே காய்ச்சல் வந்தால் "சித்தி" என்றுதான் முனகும். அவளுக்குக் குழந்தை இல்லை. அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை. சொல்லிக் காட்டினதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஐம்பத்தேழில் வந்தது. அவளுடைய அப்பா அரக்கோணத்தில் ரயில்வே கார்டு. பாஸ் இருக்கிறதென்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புரட்டாசியில் பத்ரிகாசிரமம் போய்விட்டு வந்தார். நூற்றெட்டுத் திருப்பதியில் பத்ரி சேவித்தவர்கள் எங்கள் தெருவில் அப்போது யாரும் உயிரோடு இல்லை. அவள் திரும்பி வந்த அன்று வாசலில் கோலம் போட்டு ஆரத்தி எடுத்தது யார் தெரியுமா? நான்தான். அறுபது வயது மாமிகள் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் காலில் விழுந்தார்கள். அதுவரை சுமங்கலிப் பிரார்த்தனைக்கு முதல் மணையில் என்னை உட்கார வைத்தவர்கள், அதற்கப்புறம் அவளை உட்கார வைத்தார்கள். அவள் "மன்னி உட்காரட்டும்" என்று சொல்லித் தள்ளித் தள்ளிப் போவாள். அப்படி அவள் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள்.

ஒரகடம் பக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிற கனகம் ஒரு நாள் விடிகாலையில் வாசலில் நின்று கேட்டாள். "பத்ரி மாமி எய்ந்துட்டாங்களா? அவங்க மூஞ்சில முயிச்சாத்தான் எம் மாடு ஒயுங்கா கறக்குது."

"அப்ப நான் யாருடி?" என்றேன்.

"நீங்க பெரிய மாமி. அது வேற இன்னா."

அது வேறு என்று எனக்கும் தெரியும். அன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று அவளோடு ஒரு சண்டை போட்டேன்.

ஒரு நாள் என் மூத்த பிள்ளை அவளிடம், "சித்தி, பனியை மிதிச்சியா?" என்று கேட்டான். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லைடா கண்ணா. புரட்டாசியில பாதையில பனியே இருக்காது. எட்ட மலை உச்சியிலதான் பார்த்தேன்" என்றாள். நான் அப்போது தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், குழவி நின்றுவிட்டது. கோடை ஆரம்பத்தில் நடை திறந்ததும் போனால் பாதையிலேயே பனி கிடக்குமாம். அவள் மிதிக்காத பனியை நான் மிதித்துவிட்டு வர வேண்டும். அப்புறம் யார் பத்ரி மாமி என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பக்தி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது பெருமாளை அல்ல.

என் கணவரைச் சம்மதிக்க வைக்க நான்கு வருஷம் ஆயிற்று. கடைசியில் அறுபத்தொன்றில், "சித்திரையில உடையவர் திருவாதிரை உற்சவம் ஆனதும் கிளம்பலாம்" என்றார். நான் பூரித்துப் போய் நிற்கும்போதே அடுத்த வார்த்தை வந்தது. "அம்ருதவல்லியும் வரட்டும். அவளுக்கு ஹிந்தி தெரியும், வழியும் தெரியும். அவ வரலைன்னா நான் வரலை." தலையில் அடித்துக்கொண்டேன். திருநாராயணனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளைக் காஞ்சிபுரத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேராகக் கிளம்பினோம். என் கணவர் வீட்டுச் சாளக்கிராமப் பெருமாளைச் சின்ன வெள்ளிப் பெட்டியில் எழுந்தருளப் பண்ணிக் கையோடு எடுத்துக்கொண்டார்.

ஜோஷிமடம் வரைக்கும் பஸ். அதற்குமேல் பத்தொன்பது மைல் நடை. மூட்டை சுமக்க ஒரு மலைக்காரனை வைத்துக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும், தாடியெல்லாம் பீடிப்புகை நிறம். அவனுக்கு ஹிந்தி தவிர ஒன்றும் தெரியாது. எனவே வழி முழுவதும் அவனும் அம்ருதவல்லியும் பேசிக்கொண்டு முன்னால் போனார்கள், நானும் என் கணவரும் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனோம்.

பாண்டுகேசுவரம் தாண்டி முதல் பனி கண்ணில் பட்டது. ஓடை வெட்டின பள்ளத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்துக் கிடந்தது. பால் மாதிரி இருக்கும் என்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணும் சருகும் கோவேறு கழுதைச் சாணியும் ஒட்டிக்கொண்டு பழுப்பாக இருந்தது. கல்லுப்பு மூட்டையைத் தெருவில் கொட்டி நாலு நாள் மிதித்தால் எப்படியிருக்கும், அப்படி. ஆனாலும் பனி பனிதானே. நான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தாள், ஆனால் மிதிக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டு, "நீங்க முதல்ல மிதிங்கோ மன்னி" என்றாள். மிதித்தேன். எனக்கு அடுத்த நிமிஷம் அவளும் மிதித்தாள். ஆக, நான் கணக்குப் போட்டு வைத்திருந்த ஒரே ஒரு பெருமையும் அங்கேயே சரிபாதியாகப் போயிற்று.

மலைக்காரன் பனியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். விடிகாலைப் பனி கல், ஆள் நடந்தால் வழுக்குமே தவிர இறங்காது. வெயில் ஏறினால் மேல் ஓடு இளகும். பதினோரு மணிக்குமேல் முழங்கால்வரை உள்ளே போகும். ஓடை குறுக்கிடுகிற இடத்தில்தான் ஆபத்து. மேலே பனி மூடிப் பாலம் மாதிரி இருக்கும், அடியில் தண்ணீர் அதைக் குடைந்துகொண்டே ஓடும். இரும்புப் பூண் போட்ட தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியாகச் சத்தம் வந்தால் போகலாம், வெறும் பானையைத் தட்டின மாதிரி வந்தால் கூடாது. ஒருவர் பின் ஒருவராக, பத்தடி இடைவெளி விட்டு நடக்க வேண்டும். பனியில் வெயில் பட்டுக் கண் கூசுமென்பதால் கறுப்புத் துணியை முகத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் எனக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அன்று சாயங்காலம் அனுமான் சட்டி என்கிற ஊரில் தங்கினோம். அங்கிருந்து பத்ரிக்கு ஐந்தாறு மைல்தான், ஆனால் ஏற்றம் முழுக்க அதில்தான். நாங்கள் சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மேலேயிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. இடுப்புவரை நனைந்து, ஒரு பெரியவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காரன் அவர்களைக் காட்டி அம்ருதவல்லியிடம் ஏதோ சொன்னான். அவள் எங்களிடம் வந்தாள்.

"மன்னி, நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பணுங்கறான். காஞ்சன கங்கைன்னு ஒரு ஓடை, அதை எட்டு மணிக்குள்ள தாண்டிடணுமாம். ஸ்நானம், திருவாராதனம், தளிகை எல்லாம் மேல போய் வெச்சுக்கலாம். அங்க வெந்நீர்க் குண்டம் இருக்கு. வழிக்கு அவலும் சர்க்கரையும் போறும்."

என் கணவர் தலையை ஆட்டப் போனார். அந்தத் தலை ஆடியிருந்தால் அந்த யாத்திரை அவளுடைய யாத்திரையாகப் போயிருக்கும். ஊருக்குத் திரும்பினதும், "எல்லாம் அம்ருதவல்லி சொன்னபடி செஞ்சோம், க்ஷேமமா வந்தோம்" என்று இவரே நாலு பேரிடம் சொல்வார்.

"ஏண்டி, தூங்கி எழுந்த புடவையோட பெருமாளைச் சேவிக்கப் போறதா?" என்றேன். "நம்மாத்துப் பெருமாள் அமுது கண்டருளாம ஒரு வேளையாவது இருந்திருக்காரா? ரயில்வே மனுஷாளுக்கு வேணா இதெல்லாம் சகஜமா இருக்கலாம்."

என் கணவர் வெள்ளிப் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆசாரம் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷர் அதற்குமேல் பேசமாட்டார், அது எனக்குத் தெரியும். அம்ருதவல்லியின் முகம் சிவந்தது. "மன்னி, அவன் ரொம்பச் சொல்றான்" என்றாள். "பெருமாள் பார்த்துப்பார்" என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இடுப்புவரை நனைந்த அந்தப் பெரியவர் உள்ளே பல் கிட்டிக்கொண்டு கிடந்தார். அவரைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

காலையில் ஆற்றில் தலை முழுகினோம். மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மடிப்புடவையை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு தளிகைக்கு அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம், புகைதான் வந்தது. அந்த உயரத்தில் அரிசி வேகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கொதித்துக்கொண்டே இருக்கிறது, எடுத்து நசுக்கினால் நடுவில் கல்லாக இருக்கிறது. மலைக்காரன் நான்கு தடவை வந்து சூரியனைக் காட்டிவிட்டுப் போனான். திருவாராதனம் முடிந்து, பிரசாதம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கட்டி நாங்கள் கிளம்பும்போது மணி ஒன்பதேகால்.

காஞ்சன கங்கைக்கு வரும்போது வெயில் உச்சியில். ரிஷிகேசத்தில் வாங்கின கான்வாஸ் ஜோடு வழியிலேயே தொப்பலாக நனைந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால்வரை இறங்கிற்று, பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. மலைக்காரன் தட்டித் தட்டிப் பார்த்து ஒரு வழி பிடித்துத் தாண்டினான். என் கணவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் காலடியிலேயே கால் வைத்துத் தாண்டினார். மூன்றாவது நான். பாதி தூரம் போனதும் பின்னால் அம்ருதவல்லி, "மன்னி, இடது பக்கம் போகாதீங்கோ, இந்தண்டை" என்றாள். அவள் சொல்லி நான் கேட்பதாவது என்று இடது பக்கமே கால் வைத்தேன்.

ஒரு கால் இடுப்புவரை உள்ளே போயிற்று. அடியில் ஒன்றும் இல்லை. காற்றில் கால் ஆடுகிறது, கீழே தண்ணீர் இரைகிறது. கையை ஊன்றின இடமெல்லாம் பொடிந்து விழுகிறது. அக்கரையிலிருந்து என் கணவர் கத்துகிறார். மலைக்காரன் மூட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான், முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. நான் பெருமாளைக் கூப்பிடவில்லை. "அமிர்து" என்றுதான் கத்தினேன்.

அவள் பனி உடைந்திருந்த ஓரமாகச் சறுக்கி ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டாள். முழங்காலுக்குமேல் தண்ணீர். பனிக்கு அடியில் குனிந்து வந்து, ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கயிறு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, அரை மணி என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். அவ்வளவு நேரமும் என் பாரம் முழுவதும் அவள் தோளில். "பயப்படாதீங்கோ மன்னி, நன்னா ஊனிக்கோங்கோ" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னை இழுத்துப் போட்டபின் அவளை ஏற்றினார்கள். ஒரு ஜோடு தண்ணீரோடு போய்விட்டது. மிச்ச தூரத்தை ஒரு காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தாள்.

பத்ரிக்குப் போய்ச் சேர்ந்ததும் வெந்நீர்க் குண்டத்தில் எல்லோரும் குளித்தோம். என்னால் கணுக்காலுக்குமேல் இறக்க முடியாத கொதிப்பு. அவள் தன் பாட்டுக்கு ஜோடு போன காலை உள்ளே விட்டுக்கொண்டு, "எனக்குச் சூடே தெரியலையே மன்னி" என்றாள். அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியவில்லை. மரத்த காலைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. சன்னிதியில் அவள் நொண்டுவதைப் பார்த்துக் கூட்டம் வழி விட்டது. அர்ச்சகர் அவளை முன்னால் அழைத்து நிறுத்தினார். நான் பின்னால் நின்று, இரண்டு மாமாக்களின் தோளுக்கு நடுவில் எட்டி எட்டிப் பெருமாளைச் சேவித்தேன். உயிரைக் காப்பாற்றினவள் ஆயிற்றே என்று நினைக்க வேண்டிய நேரத்தில், அங்கேயும் இவள்தான் முன்னால் என்று நினைத்தேன். மனசு அப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்ய.

ரிஷிகேசம் வருவதற்குள் அவள் கால் விரல்கள் கறுத்துவிட்டன. மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் தெருவே திரண்டு வந்தது. பனி எப்படி இருந்தது, எப்படி மிதித்தேன் என்று சொல்ல நான் வரிவரியாக யோசித்து வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, "கால் வழுக்கிடுத்து" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். என் கணவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் நொண்டி நொண்டிக் கோவிலுக்குப் போனால், பிரதட்சிணம் செய்கிறவர்கள் நின்று வழி விடுவார்கள். எனக்கு அந்த நொண்டல்மேலும் பொறாமை. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அறுபத்துநாலில் திருவாதிரை உற்சவத்தின்போது, நாலு வீடு தள்ளியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் கோதண்டராமன் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாயும் பிள்ளையும் பத்ரி கிளம்புகிறார்களாம். அந்த அம்மாவுக்கு எழுபது வயது, மடி ஆசாரத்தில் என்னை முழுங்கிவிடுவாள். எங்கள் வீட்டுப் பெண்டுகள், பக்கத்து வீட்டு மாமிகள் என்று ஏழெட்டுப் பேர் கூடத்தில் இருந்தோம். கோதண்டராமன் அம்ருதவல்லியைப் பார்த்து, "பனி எப்படி இருக்கும், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "மன்னியைக் கேளுங்கோ. பனியைப் பத்தி அவாளுக்குத்தான் நன்னாத் தெரியும்" என்றாள்.

"இதுல கேக்கறதுக்கு என்னடா இருக்கு?" என்றாள் கிழவி, மலையிலும் மடி தப்பாமல் ஏறினோம் என்று நான் தெருவில் சொல்லி வைத்ததைக் கேட்டிருந்தவள். "இவாத்துல செஞ்ச மாதிரி செய்வோம். ஸ்நானம் பண்ணி, பெருமாளுக்குத் தளிகை பண்ணி, அப்புறம் ஏறினா போறது."

நான் அம்ருதவல்லியைப் பார்த்தேன். சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. கிழவியின் காலைப் பார்த்தேன். குச்சி மாதிரி இருந்தது, அதைத் தாங்க அங்கே எந்தத் தோளும் இருக்கப்போவதில்லை. ஆமாம், அப்படியே செய்யுங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் தப்பும்.

"அப்படிச் செய்யாதீங்கோ" என்றேன். "நாலு மணிக்குக் கிளம்புங்கோ. குளிக்க வேண்டாம், தளிகை வேண்டாம், பல் தேய்ச்சாப் போறும். எட்டு மணிக்குள்ள அந்த ஓடையைத் தாண்டிடணும். இவ அன்னிக்கே சொன்னா. எனக்கும் தெரியும். இவ சொல்லி நான் கேக்கறதான்னு மடியைச் சாக்கு வெச்சு எல்லாரையும் நிறுத்தினேன். விழுந்தது நான். இவ தண்ணியில நின்னு என்னைத் தாங்கினா. இவ விரல் போனது என்னால."

திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். கிழவி எழுந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு நேரே அம்ருதவல்லியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேடி. நீ மனுஷியே இல்லை" என்று அழுதாள். மற்ற மாமிகளும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். என்னை ஒருத்தி ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், மாலை அவள் கழுத்தில் விழுந்தது. அந்தக் கிழவி நாலு மணிக்குக் கிளம்பிச் சுகமாகச் சேவித்துவிட்டு வந்து இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள், அது வேறு விஷயம்.

எல்லோரும் போனபின் சமையலறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினபோது அவள் முகத்தில் நான் பன்னிரண்டு வருஷத்தில் பார்க்காத கோபம் இருந்தது.

"ஏன் மன்னி சொன்னேள்?"

"சொல்லாம இருந்தா அந்தக் கிழவி போய்ச் சேர்ந்திருப்பாடி."

"நான் சொல்லிருப்பேன். நாளைக்குக் கோதண்டராமனைத் தனியாக் கூப்ட்டு, உங்க பேரே வராம, நாலு மணின்னு மட்டும் சொல்லிருப்பேன்." அவளுக்கு மூச்சு வாங்கிற்று. "சாவிக்கொத்து உங்ககிட்ட. மூணு பிள்ளை உங்களுக்கு. எந்தக் காரியத்துக்கும் மூத்த மாட்டுப்பொண் நீங்க. ராத்திரி படுத்துண்டா உங்க பிள்ளைகள் மூச்சு விடறது சுவருக்கு அந்தண்டையிலேர்ந்து எனக்குக் கேக்கும். இந்த ஆத்துல எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்தது. உங்களைக் காட்டிக்கொடுக்காம இருக்கேங்கறது. உங்களைப் பார்க்கறபோதெல்லாம் அதை நெனச்சுப்பேன். அதையும் எடுத்துண்டுட்டேளே."

அடுப்பில் சாற்றமுது பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் இறக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் அவளுடையதை எண்ணி எண்ணி வெந்துகொண்டிருந்தேன். அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு என்னுடையதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு என்மேல் பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.